டிபன் பாக்ஸில் ஓர் அன்னத்தின் தலை

போன சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி. இடம், கொல்கத்தாவில் பாலிகஞ்ச் பக்கம் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் பழைய வீட்டின் கேரேஜ். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில், ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் ஒரு களிமண் அன்னத்தின் தலையுமாக நான் நின்றுகொண்டிருந்தேன். ஐம்பத்து மூன்று வயதாகிவிட்ட, வங்கியில் நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் பதவியில் இருக்கிற ஒரு மனிதன் இந்தக் கோலத்துக்கு எப்படி வந்தான் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

எல்லாம் வாஷிங் மெஷினில் ஆரம்பித்தது. எங்கள் குளியலறை ஓர் ஆள் நின்றாலே நிறைந்துவிடும். அதற்குள் மெஷினும் இருந்ததால், குளிக்கப் போகிறவர் நண்டு மாதிரி பக்கவாட்டில் நுழைந்து அப்படியே பக்கவாட்டில் வெளியே வர வேண்டும். என் வயிறு வருடாவருடம் வளர்ந்ததே ஒழிய குளியலறை வளரவில்லை. வயதாகிப்போன காரைக் கொடுத்துவிட்ட பிறகு கேரேஜ் சும்மா கிடந்தது. "மெஷின அங்க கொண்டுபோய் வச்சிருவோம்" என்று மனைவி சொன்னாள். எங்கள் வீட்டில் அவள் சொல்வது யோசனை மாதிரிதான் ஒலிக்கும். ஆனால் தீர்ப்பு.

கொல்கத்தாவில் குழாய் வேலை என்றால் பெரும்பாலும் ஒடிசாக்காரர்கள்தான். எங்களுக்கு வந்த குழாய் மிஸ்திரியும் ஒடிசாக்காரர். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். எங்கள் தெருவுக்கே புதிது. எங்கள் வீடுதான் அவருக்கு இங்கே முதல் வேலை. நான்தான் அவருக்கும் சேர்த்துப் பேசினேன். முந்தின வாரம் முழுவதும் செல்போனில் வீடியோக்களாகப் பார்த்து, குழாய் வேலையில் பாதி டாக்டர் பட்டம் வாங்கியிருந்தேன் அல்லவா! டார்ச் பிடிக்கிறேன் பேர்வழி என்று அவர் தலைக்கு மேல் நின்றுகொண்டு, "அங்க டேப் இன்னும் ரெண்டு சுத்து சுத்துங்க", "இது லீக் ஆகாதே?" என்று இந்தியில் பிடுங்கி எடுத்தேன். மனிதர் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கார் கழுவுவதற்காக இருந்த குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்துத் தனி வால்வு வைத்தார். மெஷினின் கழிவுத்தண்ணீருக்குச் சுவர் ஓரமாக இடுப்பு உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பைப்பை நிறுத்தி, அதைத் தரையோடு தரையாகக் கொண்டுபோய், பின்மூலையில், இங்கே ஜாலி என்று சொல்கிற கம்பி போட்ட சாக்கடை வாய்க்கு மேல் விட்டார். கேரேஜ் தரையே அந்த மூலையை நோக்கித்தான் சரிந்திருக்கும்.

கிளம்பும்போது மட்டும் வாயைத் திறந்தார். "பாபு, மத்ததெல்லாம் நான் பாத்துட்டேன். இந்த ஜாலிய மட்டும் மூடிராதீங்க."

"நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று சிரித்தேன்.

குழந்தை என்றால் சொன்னதைக் கேட்டிருக்கும்.

நம் ஊரில் சரஸ்வதி பூஜை நவராத்திரியோடு வரும். வங்காளத்தில் அது குளிர் விடைபெறுகிற சமயம், வசந்த பஞ்சமியன்று. தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு, களிமண் சரஸ்வதியை வைத்துக் கொண்டாடுவார்கள். எங்கள் தெரு கிளப்பின் செக்ரட்டரி ஒரு ஹோமியோபதி டாக்டர். எல்லோரையும்போல் என்னையும் தாதா என்றுதான் கூப்பிடுவார். இங்கே அதற்கு அண்ணன் என்று அர்த்தம். நம் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். பூஜைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அவர் வந்தார். பந்தல் இன்னும் முடியவில்லை, ஞாயிறு நாலு மணிக்கு வந்து மேளதாளத்தோடு எடுத்துப் போகிறோம், அதுவரை சரஸ்வதி உங்கள் கேரேஜில் இருக்கட்டும் என்றார். "தெருவுல உங்களை மாதிரிப் பொறுப்பான ஆள் யாரு இருக்கா தாதா?" என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

அத்தனை வருடமாக அந்தத் தெருவில் நான் 'அந்த மெட்ராஸ்காரர், நல்ல மனுஷர்' மட்டும்தான். வசூலுக்கு வருவார்கள், பிரசாதம் கொடுப்பார்கள், அவ்வளவே. இப்போது சாமியையே என்னிடம் ஒப்படைக்கிறார்கள்! எனக்கு அரை அடி உயரம் கூடிவிட்டது.

நாலடி உயரச் சரஸ்வதி வந்தாள். வெள்ளைப் புடவை, கையில் வீணை, காலடியில் கழுத்தை வளைத்துப் பார்க்கிற ஓர் அன்னம். அத்தனையும் சுடாத களிமண். உள்ளே வைக்கோல், மேலே மண், அதற்கு மேல் வர்ணம். பூஜை முடிந்ததும் ஆற்றில் கரைப்பதற்கென்றே செய்வது. அதாவது, தண்ணீர் பட்டால் கரையும். இந்த விஷயம் கொல்கத்தாவில் மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஞாபகம் வந்த நேரம்தான் சரியில்லை.

பின்மூலைதான் காற்று படாத இடம் என்று அங்கேயே இறக்கிவைத்தார்கள். அவர்கள் போன பிறகு பொறுப்பான ஆள் யோசித்தார். சாக்கடை ஜாலி வழியாகப் பெருச்சாளி வந்து வைக்கோலைக் கடித்துவிட்டால்? உடனே உள்ளே போய், என் பழைய கட்டம்போட்ட லுங்கி ஒன்றை எடுத்துவந்து, நன்றாக உருட்டி, ஜாலியில் திணித்து, செங்கல்லால் ஒரு தட்டும் தட்டினேன். பெருச்சாளி என்ன, எறும்புகூட வர முடியாது. அந்தத் திருப்தியில் அன்று இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மனைவி பூ வாங்கக் கரியாஹாட் சந்தைக்குப் போனாள். போகும்போது, "சாமி போற வரைக்கும் மெஷினத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் சரஸ்வதி பூஜைக்கு இங்கே எல்லோரும் மஞ்சள் உடுத்துவார்கள். என்னுடைய ஒரே மஞ்சள் ஜிப்பாவில் பூச்சி உருண்டை வாசனை தெருமுனை வரை வீசியது. நாளைக்குச் சாமியைக் காப்பாற்றிய கதாநாயகன் அந்த வாசனையோடா போய் நிற்பது? ஜிப்பாவோடு துணைக்கு இரண்டு படுக்கை விரிப்பையும் போட்டு, பொத்தானை அமுக்கிவிட்டு, காபி குடிக்க உள்ளே போனேன்.

திரும்பிக் கேரேஜுக்குள் கால் வைத்ததும் 'சளக்' என்றது.

பின்மூலை ஒரு குட்டிக் குளமாகியிருந்தது. சோப்பு நுரை மிதக்க, அதன் நடுவில் சரஸ்வதி, தாமரைக்குளத்தில் வீற்றிருப்பதுபோல அத்தனை பொருத்தமாக இருந்தாள். ஒரு கணம் அழகாக இருக்கிறதே என்றுகூடத் தோன்றியது. அப்புறம்தான் குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். பீடத்திலிருந்து வெள்ளை வர்ணம் பால் மாதிரி தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது.

பதற்றத்தில் மனிதன் என்ன செய்ய வேண்டும்? பிளக்கைப் பிடுங்க வேண்டும். நான் செய்தது, மெஷினில் இருந்த பொத்தான்களை எல்லாம் ஹார்மோனியம் வாசிப்பதுபோல அமுக்கியது. ஏதோ ஒன்றில் 'ரத்து' விழுந்தது. ரத்து செய்தால் மெஷின் என்ன செய்யும் தெரியுமா? வயிற்றில் மிச்சமிருக்கிற தண்ணீரையும் மொத்தமாகத் துப்பிவிட்டுத்தான் நிற்கும். துப்பியது. "நிறுத்து! போதும் நிறுத்து!" என்று மெஷினைப் பார்த்துத் தமிழில் கத்தினேன். அது எந்த நாட்டுத் தயாரிப்போ, கேட்கவில்லை. கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன். அப்போது அதில் துப்ப ஒன்றும் பாக்கியில்லை.

அடுத்தது, சாமியை மேடான இடத்துக்கு நகர்த்துவது. நாலு பேர் தூக்கி வந்த சிலையை ஒருவனாகத் தூக்கிவிடலாம் என்று எந்த தைரியத்தில் நினைத்தேனோ! பிடிக்க வாகாக ஏதாவது கிடைக்குமா என்று தடவியதில் அன்னத்தின் கழுத்து கையில் கிடைத்தது. இழுத்தேன். கழுத்து மட்டும் வந்தது. அடிப்பாகம் அப்படியே குழைந்து சரிந்தது.

இந்த இடத்தில்தான் மனைவி பூக்கூடையோடு வந்து நின்றாள்.

"என்னங்க இது?"

"அன்னம்."

"அது தெரியுது. மிச்சம் எங்க?"

துடைப்பத்தால் குளத்தைக் காட்டினேன்.

பின்னம் விழுந்த சிலையைப் பூஜையில் வைக்க மாட்டார்கள். நாலு மணிக்குத் தெருவே வரும். புத்தகத்தைச் சாமியின் காலடியில் வைக்கக் காத்திருக்கிற அத்தனை குழந்தைகளும் வருவார்கள். பொறுப்பான ஆளின் மானம் அந்தச் சோப்புத் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. என் மூளை மளமளவென்று பொய்களைத் தயாரித்தது. பூனை தள்ளிவிட்டது. லேசாக நிலநடுக்கம், எங்கள் வீட்டில் மட்டும். கடைசியில் நானே நம்பத்தக்க ஒன்று கிடைத்தது. "அந்த மிஸ்திரி பைப்ப ஒழுங்கா மாட்டல. ஏமாத்திட்டான்!"

சத்தியமாகச் சொல்கிறேன், லுங்கி அப்போது ஞாபகத்தில் இல்லை.

மனைவி என்னோடு வாதம் செய்யவில்லை. அன்னத்தின் தலையை என் கையிலிருந்து வாங்கி, பஞ்சு வைத்து, என் ஆபீஸ் டிபன் பாக்ஸில் பத்திரமாகப் படுக்கவைத்தாள். "காளிகாட்ல சிலை செய்யறவங்க இருப்பாங்க. ஓடுங்க." ஷட்டரை இறக்கு, யாரிடமும் மூச்சு விடாதே என்று கெஞ்சினேன். "சரி சரி" என்றாள். இருபத்தாறு வருடமாக அந்தச் சரி சரியைக் கேட்கிறேன். ஒரு தடவைகூட அதற்குச் சரி என்று அர்த்தம் இருந்ததில்லை.

இங்கே ஷேர் ஆட்டோ, நாலு பேர் நிரம்பினால்தான் நகரும். நான் முதல் ஆள். "அவசரம்" என்றேன். டிரைவர் என் ஈரப் பேன்ட்டையும், நெஞ்சோடு அணைத்திருந்த டிபன் பாக்ஸையும் பார்த்து, "ஞாயித்துக்கிழமையுமா ஆபீஸ்? பாவம்" என்று பரிதாபப்பட்டார். ஆட்டோ மட்டும் நகரவில்லை.

காளிகாட் சந்தில் இருபக்கமும் சரஸ்வதிகள் வரிசைகட்டி நின்றார்கள். ஒவ்வொரு கடையிலும் கூட்டம். வருடத்திலேயே அவர்களுக்கு மூச்சு விட நேரமில்லாத நாள். மூன்று இடத்தில், பேச்சை முடிப்பதற்குள் கையை ஆட்டிவிட்டார்கள். நாலாவது பட்டறையில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், முழங்கை வரை மண்ணோடு ஒரு சிலைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். நான் பேசவில்லை, டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினேன். யாரோ தின்பண்டம் கொடுக்கிறார் என்று எட்டிப் பார்த்தவர், அன்னம் முறைத்துப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

"ஓ மா! என்ன ஆச்சு?"

"பூனை" என்றேன், எனக்குத் தெரிந்த வங்காளியில்.

விரலால் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "உங்க வீட்டுப் பூனை சோப்பு போட்டுக் குளிக்குமா தாதா?"

வாஷிங் மெஷின், கேரேஜ், குளம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முடிவில் மறக்காமல், "மிஸ்திரி செய்த வேலை" என்று சேர்த்தேன். அவருக்குச் சிரிப்பு தாளவில்லை. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மண் கையாலேயே கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் மண்ணாகிவிட்டது. "மூணு நாள் கழிச்சு நாங்களே ஆத்துல கரைச்சிருப்போமே! உங்களுக்கு என்ன அவசரம்?"

அப்புறம் எழுந்தார். கடையை நாத்தனாரிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அச்சில் வார்த்துக் காயவைத்திருந்த அன்னங்களில் ஒன்றை எடுத்து டிபன் பாக்ஸ் தலையோடு அளவு பார்த்தார். இருப்பதில் சின்னதே கொஞ்சம் பெரிதுதான். ஈரத்துணியில் ஒரு உருண்டை மண், தூரிகை, கொட்டாங்கச்சிகளில் வர்ணம் எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இத்தனை வேலையை விட்டுவிட்டு ஏன் வருகிறீர்கள் என்று ஆட்டோவில் கேட்டேன். "எத்தனையோ பேர் வாங்கிட்டுப் போயிருக்காங்க. டிபன் பாக்ஸ்ல வச்சுத் திருப்பிக் கொண்டுவந்தது நீங்கதான்" என்றார்.

தெருவுக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. கேரேஜ் ஷட்டர் உச்சி வரை திறந்திருந்தது. வாசலில் செருப்புகளே இருபது ஜோடி. உள்ளே தரை துடைத்து உலர்ந்திருந்தது; சரஸ்வதி நடுவில் நாலு செங்கல் மேல் நின்றாள். சுற்றிலும் தெருப் பெண்கள் ஆறேழு பேர் ஆளுக்கொரு ஹேர் டிரையரோடு உட்கார்ந்து சாமிக்குப் புடவைக் கரையை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து பீடத்துக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தவர், கிளப் செக்ரட்டரி.

"சொல்லிட்டியா?" என்றேன் மனைவியிடம்.

"ஹேர் டிரையர் வேணும்னு நாலு வீட்ல கேட்டேன். எதுக்குன்னு கேட்டாங்க. பொய் சொல்ல எனக்கு வராது. மிஸ்திரி பைப்ப ஒழுங்கா மாட்டலன்னு நீங்க சொன்னத அப்படியே சொன்னேன்."

சிலைக்காரப் பெண் ஒரு நொடி வீணாக்கவில்லை. சரிந்த இடத்தைச் சுரண்டி, துணிப்பட்டை ஒட்டி, புது மண் பூசி, அன்னத்தை உட்காரவைத்து, அதற்குள் நாலைந்து பேரை அதட்டி வேலையும் வாங்கிவிட்டார். ஹோமியோபதி டாக்டருக்கு வர்ணம் கலக்கும் பதவி. சிரிப்பும் டீயுமாகக் கேரேஜே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

ஒரே ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மனைவி போன் செய்து வரவழைத்திருந்த மிஸ்திரி, மெஷின் பக்கத்தில் குந்தியிருந்தார். போகிற வருகிற எல்லோரும் அவருக்கு ஒரு வார்த்தை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்படியா வேலை செய்வது, சாமி விஷயத்தில், இனி இந்தத் தெருவில் யார் உன்னைக் கூப்பிடுவார்கள் என்று. அவர் தலையைக் குனிந்தபடி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நானும் ஒரு வார்த்தை கொடுக்கலாம் என்று விறைப்பாகப் பக்கத்தில் போனேன். அவர் நிமிராமல் தன் சாமான் பையின் வாயை லேசாக விலக்கிக் காட்டினார். உள்ளே, ஈரமாக, சுருண்டு, கட்டம்போட்ட லுங்கி.

உலகத்தில் லுங்கிகள் ஆயிரம். இதன் ஓரத்தில் நான் அயர்ன் பாக்ஸால் தீய்த்த முக்கோணத் தழும்பு இருந்தது.

"ஜாலியில இருந்தது பாபு" என்றார் மெதுவாக. "யாரும் பாக்கறதுக்குள்ள எடுத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"உங்க தெரு. நீங்க நாளைக்கும் இவங்க நடுவுலதான் இருக்கணும். எனக்கு இந்தத் தெரு இல்லன்னா வேற தெரு."

எனக்குக் காது சுட்டது. அவர் தலைமேல் டார்ச் பிடித்துக்கொண்டு நான் செய்த உபதேசங்கள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. அந்தப் பையை அப்படியே மூடியிருந்தால் விஷயம் முடிந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஒரு கணம் மூடத்தான் நினைத்தேன். ஆனால் அவர் ஸ்பேனரைத் துடைத்த விதம் என்னை விடவில்லை. லுங்கியை உருவி எடுத்து, இரண்டு கையாலும் விரித்துத் தூக்கிப் பிடித்தேன்.

"எல்லாரும் கேளுங்க! ஜாலிய மூடாதீங்கன்னு இவர் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனாரு. பெருச்சாளி வரும்னு நான்தான் இதை அடைச்சேன். இவர் வேலையில ஒரு குறையும் இல்ல. பெருச்சாளி நான்தான்."

ஹேர் டிரையர்கள் ஒவ்வொன்றாக நின்றன. எங்கேயாவது ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஷட்டர் பக்கம் மனைவி நின்றாள். சிலைக்காரப் பெண்தான் முதலில் சிரித்தார். "அப்போ பூனையும் இல்ல, மிஸ்திரியும் இல்ல!" என்றார். செக்ரட்டரி வர்ணக் கொட்டாங்கச்சியோடு எழுந்துவந்து, லுங்கியை மருந்துப் பரிசோதனை மாதிரி மேலும் கீழும் பார்த்தார். "தாதா, இதைக் கொடியா கட்டிப் பந்தல்ல பறக்கவிடலாமா?" என்றார். அவ்வளவுதான், கேரேஜ் அதிர்ந்தது. கொஞ்சம் முன்னால் திட்டியவர்களிலேயே ஒருவர் ஓடிப்போய் மிஸ்திரிக்கு டீ கொண்டுவந்தார். இன்னொரு அம்மா, தன் வீட்டுச் சமையலறைக் குழாய் ஆறு மாதமாகச் சொட்டுகிறது, நாளைக்கே வர முடியுமா என்று கேட்டார்.

மிஸ்திரி டீயைக் குடித்து முடித்தார். எழுந்துபோய்ப் பிளக்கைச் சொருகி மெஷினை ஓடவிட்டார். எல்லோரும் ஜாலியைச் சுற்றி நின்றுகொண்டோம். பைப்பிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்து, ஒரு சொட்டு வழிதவறாமல், நேராக உள்ளே இறங்கியது. ஏதோ பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதுபோலக் கைதட்டினார்கள். அவர் லேசாக, மிக லேசாக, புன்னகை செய்தார். என் ஜிப்பாவும் துவைத்து வந்தது. படுக்கை விரிப்பின் சாயம் ஏறி மஞ்சள் பச்சையாகியிருந்தது. அது தனிக் கதை.

நாலு மணிக்கு மேளம் வந்தது. சரஸ்வதி முழுசாக, மினுமினுப்பாக நின்றாள். அன்னம் மட்டும் கொஞ்சம் பெரியது. நல்ல சாப்பாட்டு ராமனாக அவள் காலடியில் பூரித்து உட்கார்ந்திருந்தது. குழந்தைகளுக்கு அதைத்தான் ரொம்பப் பிடித்தது. தூக்கும் நேரத்தில் செக்ரட்டரி, "முன்பக்கம் நல்லாத் தூக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்" என்று மிஸ்திரியைக் கூப்பிட்டார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு மூலையைப் பிடித்தார். எனக்குப் பின்மூலை கொடுத்தார்கள். "தாதா, பலகையை மட்டும் பிடிங்க, கழுத்தெல்லாம் வேண்டாம்" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல்.

அதற்குப் பிறகு தெருவில் என்னைப் பொறுப்பான ஆள் என்று யாரும் சொல்வதில்லை. காலையில் நடக்கப் போனால் மாடியிலிருந்து யாராவது, "தாதா, ஜாலி திறந்திருக்கா?" என்று கேட்பார்கள். நானும் கையசைத்துவிட்டுப் போகிறேன். மிஸ்திரிக்கு எங்கள் தெருவிலேயே மாதம் இரண்டு மூன்று வேலை வருகிறது. பார்க்கும்போது ஒரு தலையசைப்பு, அதற்கு மேல் அவருக்குப் பேச்சு கிடையாது. நான் கெட்டபெயருக்குப் பயந்து பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கிக்கொண்டிருந்த அதே காலையில், ஒரே ஒரு நாள் பழகிய மனிதர் தன் நல்ல பெயரைச் சத்தமில்லாமல் எனக்காக விட்டுக்கொடுக்க உட்கார்ந்திருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், முதலில் சிரிப்பு வருகிறது, அப்புறம் சிரிப்பு நின்றுவிடுகிறது, என்றாவது ஒரு நாள் நானும் யாருக்காவது அந்த அளவு மனிதனாக இருந்துவிட வேண்டும் என்று இருக்கிறது.